ஒயின் ஷாப்பில் ஒயின் இருக்கிறதா?

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ பொய் போர்டுகள் உண்டு. 'சுத்த சைவம்', 'கடன் கேட்காதீர்', 'பத்தே நிமிடத்தில் ரெடி'... இவற்றுக்கெல்லாம் தலைமை தாங்கும் தகுதி ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் உண்டு: 'ஒயின் ஷாப்'. உள்ளே பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், விஸ்கி இருக்கும், பீர் இருக்கும். பக்கத்திலேயே ஊறுகாய், அவித்த முட்டை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் இருக்கும். ஒயின் மட்டும் இருக்காது. கேட்டுப் பாருங்கள். கடைக்காரர், மளிகைக் கடையில் போய் மோட்டார் பம்ப் கேட்டவனைப் பார்ப்பது போல உங்களைப் பார்ப்பார்.

எங்கள் ஊர் வரிச்சிக்குடி. காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிப் பக்கம். எங்கள் காரைக்காலின் பூகோளம் ரொம்ப சுலபம். வடக்கே தமிழ்நாடு, தெற்கே தமிழ்நாடு, மேற்கே தமிழ்நாடு, கிழக்கே கடல். நடுவில் நாங்கள், புதுச்சேரி யூனியன் பிரதேசம். வெளியூர்க்காரர்களிடம் "காரைக்கால்" என்று சொன்னால், பெரியவர்கள் காரைக்கால் அம்மையாரையும் மாங்கனித் திருவிழாவையும் சொல்வார்கள். ஏழரைச் சனி நடப்பவர்கள் திருநள்ளாறு பற்றி விசாரிப்பார்கள். இளைஞர்கள் மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அங்கே சரக்கு சீப்பாமே?" என்பார்கள்.

சீப்தான். வரி குறைவு என்பதால் வந்த சீப். 2020-ல் கொரோனாவின்போது, பக்கத்து மாநிலக் கூட்டம் வரக்கூடாது என்று சிறப்பு வரி போட்டு விலையை ஏற்றினார்கள். அடுத்த வருஷமே அது போய்விட்டது. "வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாடா" என்று சொல்லும் சிநேகிதர்கள் கவனிக்க: நண்டலாறு தாண்டினால் செக்போஸ்ட் இருக்கிறது. அந்தப் பக்கம் எடுத்துப் போவது குற்றம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மோட்டார் சைக்கிளை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

இத்தனை மலிவான ஊரில், சிக்கனமாக ஒரு நல்ல சிவப்பு ஒயின் தேடும் வேலை எனக்கு ஏன் வந்தது? அதற்குக் காரணம் என் மாமா.

மாமா 'சொல்தா'. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: காரைக்கால் 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்களின் ஊர். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுசாக வந்து சேர்ந்தது. அப்போது விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். மாமா குடும்பம் வைத்துக்கொண்டது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷனோடு ஊர் திரும்பினார். கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தார். ராத்திரி சாப்பாட்டோடு ஒரே ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின். அவர் பாஷையில் 'வேன் ரூஜ்'.

அந்தப் பட்டாளத்துக்கும் ஒயினுக்கும் உள்ள உறவு பழசு. முதல் உலகப் போரில் பிரெஞ்சு சிப்பாய்க்கு ரேஷனில் தினம் கால் லிட்டர் ஒயின் கொடுத்தார்கள். அப்புறம் அதுவே அரை லிட்டர் ஆயிற்று. அதற்குச் செல்லப் பெயர்கூட உண்டு, 'பினார்'. ஒசத்தி சரக்கெல்லாம் இல்லை. நம் ஊர் டிபன் கடை சாம்பார் மாதிரி. பெரிய பெருமை கிடையாது, ஆனால் அது இல்லாமல் இட்லி இறங்காது.

மாமாவின் மகன் வருஷத்துக்கு ஒரு தடவை பாரிஸிலிருந்து வரும்போது பாட்டில் கொண்டுவருவான். அவனுக்குப் பிள்ளைகள் பெரிசானதும் வருஷத்துக்கு ஒரு தடவை என்பது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆனது. மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, ஆயிரம் ரூபாய்க்குள்ள குடிக்கிற மாதிரி ஒரு வேன் ரூஜ் பாரு. குடிக்கிற மாதிரி. அலமாரில வைக்கிற மாதிரி இல்ல."

அப்போது ஆரம்பித்தது என் ஆராய்ச்சி. மாசம் ஒரு பாட்டில், ஒரு டயரி, ஒரு வருஷம். ஆபீசில் பட்ஜெட் ஃபைல் பார்த்த அனுபவம் கைகொடுத்தது.

முதலில் நான் கற்றது வரிப் பாடம். "ஃபாரின் ஒயின், சார். ஆயிரத்து ஐந்நூறுதான்" என்று ஒரு கடைக்காரர் தூசி தட்டி ஒரு பாட்டிலை நீட்டினார். லேபிளில் அரண்மனை படம். வாங்காமல் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் பல வருஷங்களாக இருந்துவந்த அடிப்படை இறக்குமதித் தீர்வை 150 சதவீதம். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு பாட்டில் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை மட்டும் 450. ஆச்சா, 750. அதற்கு மேல் மாநில வரி, இறக்குமதி செய்தவர் லாபம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை. ஆயிரத்து ஐந்நூறு வந்துவிடும். அந்த முந்நூறு ரூபாயிலும் கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், கப்பல் வாடகை எல்லாம் அடக்கம். அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஒயின் எவ்வளவு பெறும்? நீங்களே சொல்லுங்கள். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து அரண்மனை படம் வாங்க நான் தயாராக இல்லை.

"ஆஸ்திரேலியா ஒயினுக்குத் தீர்வையைக் குறைச்சுட்டாங்களே சார்" என்று ஆபீசில் பேப்பர் படிக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். 2022 டிசம்பர் 29 முதல் அமலுக்கு வந்த ஒப்பந்தம். ஆனால் அந்தச் சலுகை, இங்கே வந்து இறங்கும் விலை பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேல் இருந்தால்தான். அதாவது, மலிவான பாட்டிலுக்குச் சலுகை இல்லை. விலை கூடிய பாட்டிலுக்குத்தான் சலுகை. வழக்கம் போல நம்மைப் போன்றவர்கள் க்யூவில் கடைசி.

ஆக, நம் பட்ஜெட்டுக்கு உள்நாட்டு ஒயின்தான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெங்களூர் பக்கம் நந்தி மலையடிவாரத்தில் 1988-ல் ஆரம்பித்த குரோவர், நாசிக்கில் 1999-ல் ஆரம்பித்த சுலா, சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் இத்தாலிக்காரர்களோடு கூட்டு சேர்ந்து வந்த ஃப்ராடெல்லி... இவர்களெல்லாம் ஒழுங்காக ஒயின் திராட்சை போட்டு ஒயின் செய்பவர்கள். மகாராஷ்டிர அரசு 2001-ல் இதற்கென்றே ஒரு கொள்கை போட்டு ஊக்குவித்தது.

"நம்ம கம்பம் திராட்சைல பண்ணக்கூடாதா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1832-ல் என்கிறார்கள். ஆனால் தின்கிற திராட்சை வேறு, ஒயினுக்கு ஆகிற திராட்சை வேறு. ஒயின் திராட்சை சின்னது, தோல் தடிப்பு, விதை உண்டு, சர்க்கரை அதிகம். சிவப்பு ஒயினின் நிறம் சாறிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகிறது. நிறத்தோடு கூடவே வருவதுதான் துவர்ப்பு.

இந்த இடத்தில் தமிழன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் 'டானின்' என்று சொல்லிவிட்டு, அது வாயில் என்ன செய்கிறது என்று விளக்கப் பத்து வரி எழுதுகிறான். நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே அது இருக்கிறது. வாழைப்பூ, கடுக்காய், பாக்கு, ஆறிப்போன ஸ்ட்ராங் டீ... அந்தத் துவர்ப்புத்தான். முதல் தடவை சிவப்பு ஒயின் குடித்துவிட்டு "என்னடா, கெட்டுப்போச்சா?" என்று கேட்பவர்களுக்கு மாமாவின் பதில்: "பாக்கு போடுறப்ப மட்டும் இனிக்குதா மாப்ளே?"

இனிப்பாக வேண்டும் என்பவர்களுக்கு 'போர்ட் ஒயின்' என்று ஒரு அயிட்டம் உண்டு. விலையும் குறைவு. அசல் போர்ட் என்பது போர்ச்சுகலில் தோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்வது. திராட்சைச் சாராயம் சேர்த்து இருபது சதவீதம்வரை ஏற்றியது. நம் ஊரில் அந்தப் பெயரில் மலிவாக விற்பது இனிப்பான சிவப்பு ஒயின், அவ்வளவுதான். பிடித்தால் குடிக்கலாம். பாட்டிலில் 'போர்ட்' என்று இருந்தால் அது மாமா கேட்ட வேன் ரூஜ் அல்ல என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பாட்டிலை எப்படிப் பொறுக்குவது? என் ஒரு வருஷ டயரியின் சுருக்கம் இதோ.

முதல் விதி: பழசைத் தேடாதீர்கள். சினிமாவில் வில்லன் "நூறு வருஷத்து ஒயின்" என்று கிளாஸைச் சுழற்றுவதைப் பார்த்து நாம் கெட்டுப்போயிருக்கிறோம். வைத்திருந்தால் மேம்படும் ஒயின் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம், அதெல்லாம் நம் பட்ஜெட்டில் இல்லை. நம் விலைக்குக் கிடைப்பது சீக்கிரம் குடிப்பதற்காகச் செய்தது. லேபிளில் வருஷத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குள் இருந்தால் எடுக்கலாம். எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒயின் மாசத்துக்கு மூன்று பாட்டில் போனால் அதிகம். ஆகையால் கடைக்காரர் ஆர்டர் போடுவது அபூர்வம். போட்டது நகர்வதும் அபூர்வம்.

இரண்டாவது விதி: வெயில். காரைக்கால் மே மாசத்தில் மனிதனே வினிகர் ஆகிறான், ஒயின் எம்மாத்திரம்? கடை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், மேற்கு வெயிலில் அழகுக்காக நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். "உள்ளேருந்து, பெட்டிலேருந்து எடுத்துக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். மூடி ஓரத்தில் பிசுபிசுப்போ, கார்க் வெளியே தள்ளியிருப்பதோ தெரிந்தால் சூடுபட்டது என்று அர்த்தம். ஏ.சி. உள்ள கடையில் இருபது ரூபாய் கூட என்றாலும் அது லாபம்.

மூன்றாவது விதி: திருகு மூடியைக் கேவலமாக நினைக்காதீர்கள். கார்க் இருந்தால்தான் ஒசத்தி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேரிடம் கார்க் எடுக்கும் திருகாணி இருக்கிறது? ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, மத்துக் காம்பால் உள்ளே தள்ளி, கார்க் துண்டுகளை டீ வடிகட்டியில் வடிகட்டிக் குடித்த கோஷ்டிகளை நான் பார்த்திருக்கிறேன். திருகு மூடி என்றால் மிச்சத்தையும் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மூன்று நாள் தாங்கும்.

நான்காவது விதி: சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அது பிரான்ஸில் உள்ள ரூம். பதினேழு பதினெட்டு டிகிரி. வரிச்சிக்குடி ரூமில் முப்பத்தைந்து. அப்படியே ஊற்றினால் கஷாயம்தான். குடிப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதற்குச் செலவு இல்லை. எண்ணூறு ரூபாய் பாட்டில் ஆயிரத்து இருநூறு ரூபாய் பாட்டில் மாதிரி நடந்துகொள்ளும்.

ஐந்தாவது விதி: சாப்பாடு. கடலோரக்காரர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமான சேதி. சிவப்பு ஒயினுக்கும் மீன் குழம்புக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை. ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனோடு சேர்ந்தால் கவிச்சி தூக்கும். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் எரிச்சலும் கூடும். ஆட்டுக்கறி வறுவல், கோலா உருண்டை என்றால் கொழுப்பு துவர்ப்பை அடக்கிவிடும், ஜோடி சேரும். திராட்சை வகையில் எனக்குச் சரிப்பட்டது 'ஷிராஸ்'. கொஞ்சம் மிளகு வாசம், நம் நாக்குக்குச் சொந்தக்காரன் மாதிரி. 'கபர்நே சோவினியோன்' துவர்ப்புக் கூடியது. கறிக் குழம்பு இருந்தால் மட்டும்.

இதையெல்லாம் ஆபீசில் லஞ்ச் டைமில் விளக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கேஷியர் சிரித்தார்.

"சார், நீங்க எண்ணூறு ரூபாய்க்கு சீப்பா தேடுறீங்க. நான் தினம் ஒரு குவார்ட்டர். கறிகாய் விலைதான். எது சார் சீப்?"

நல்ல மனுஷர். கணக்கில் ஒரு பைசா பிசகாது. சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் ஏறுவதற்கு முன் கடை வாசலில் நின்றபடியே, இரண்டு மடக்கு, ஒரு ஊறுகாய், முடிந்தது. வீட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. வாசனை பஸ் இறங்குமுன்பே வீட்டுக்குப் போய்விடும் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

அவருடைய கேள்விக்காக ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். குவார்ட்டர் 150 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாசம் 4,500. வருஷம் 54,000. அடுத்து சாராயக் கணக்கு. 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி, 13 சதவீதம்; அதில் ஏறத்தாழ 97 மில்லி. ஆக, ஒயின் என்றால் ஜூஸ் என்று நினைக்கிறவர்களுக்கும் சேதி இருக்கிறது: ஒரு முழு பாட்டிலைத் தனியாகக் காலி செய்தால் அது குவார்ட்டருக்கு மேல். நாலு பேர் சாப்பாட்டோடு பங்கு போட்டால் ஆளுக்கு 24 மில்லி. மாசத்துக்கு ஒரு தடவை. அவரோ ஒரு நாளைக்கு 77.

அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டினேன். கூட்டல் சரிதானா என்று பார்த்தார். "கரெக்ட் சார்" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எட்டு மாசம் கழித்து அவர் கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. மெடிக்கல் லீவ், லீவ் நீட்டிப்பு, பி.எஃப். அட்வான்ஸ். கடைசி விண்ணப்பத்தில் கையெழுத்து அவர் மனைவியுடையது. நாற்பத்தாறு வயசு. பையன் பிளஸ் டூ. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அந்தம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்கள்லாம் கூடத்தான் குடிக்கிறீங்க. அவருக்கு மட்டும் ஏன் சார்?" எனக்குப் பதில் வரவில்லை. சட்டப்படி, விஞ்ஞானப்படி எத்தனையோ சொல்லலாம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எதைச் சொல்வது?

மாமாவிடம் வந்து புலம்பினேன். "பேசாம எல்லாரும் ஒயினுக்கு மாறிடணும் மாமா" என்றேன். கிழவர் சிரிக்கவில்லை.

"ஒயின்ல யாரும் சாகலன்னு யாரு சொன்னா? எங்க பட்டாளத்துல காலைலயே பாட்டிலோட உக்காந்து போய்ச் சேந்தவங்க எத்தனை பேரு தெரியுமா? பாட்டில்ல என்ன இருக்குங்கறது அப்புறம் மாப்ளே. அது எப்போ மூடுதுங்கறதைப் பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1991-ல் அமெரிக்க டெலிவிஷனில் 'பிரெஞ்சுக்காரன் கொழுப்பு தின்றும் மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயின்' என்று ஒரு நிகழ்ச்சி காட்டினார்கள். ஒயின் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. இன்றைக்கும் "டாக்டரே சொல்லியிருக்கார், ஹார்ட்டுக்கு நல்லது" என்று கிளாஸைத் தூக்குபவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் கிடையாது. ஆகவே மருந்து என்று யாரும் குடிக்க வேண்டாம். ருசிக்கு என்றால், ருசி தெரிகிற அளவுக்கு மட்டும்.

அதற்கப்புறம் ஆபீசில் நாலு பேர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கடை வாசலில் நிற்பது இல்லை. மாசத்தில் ஒரு சனிக்கிழமை, மாமா வீட்டுத் திண்ணைக்கு உள்ளே, டேபிளில், வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்து, சாப்பாட்டோடு. நாலு பேருக்கு ஒரே பாட்டில், மாமாவுக்குப் பங்கு உண்டு. இரண்டாவது பாட்டில் பேச்சே கிடையாது. வண்டியைத் தொடுவதும் கிடையாது. ஆளுக்கு இருநூறு ரூபாய். மூன்றாவது மாசம் எங்களில் ஒருவர், "எனக்கு இந்தத் துவர்ப்பு பிடிக்கலை. அதுக்காகப் பழையபடி கடைக்கும் போக மனசு இல்லை. விட்டுட்டேன்" என்றார். கறிக்கு மட்டும் வருகிறார். சிக்கனம் என்று பார்த்தால் எங்கள் எல்லாரையும்விட அவர்தான் கெட்டிக்காரர்.

என் மனைவிக்கு இந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தி இல்லை. "எண்ணூறு ரூபாய்னா ஒரு கேஸ் சிலிண்டர்ங்க" என்பாள். அவளுடைய அளவுகோல் எல்லாமே சிலிண்டர்தான். ஆனாலும் சனிக்கிழமை கோலா உருண்டைக்கு அவளே அரைத்துக் கொடுக்கிறாள். எங்கே போயிருக்கிறேன், எப்போது வருவேன் என்று தெரிந்திருப்பது அவளுக்கு ஒரு சிலிண்டர் பெறும் என்று நினைக்கிறேன்.

காலி பாட்டில்களை அவள் தூக்கிப் போடுவதில்லை. கழுவி, தண்ணீர் ஊற்றி, மணி பிளான்ட் வைத்து ஜன்னலில் வரிசையாக அடுக்கியிருக்கிறாள். மாமாவின் மகன் கொண்டுவந்த பிரெஞ்சு பாட்டில் ஒன்று, ஆயிரத்து சொச்சம் கொடுத்தது ஒன்று, எழுநூற்றைம்பது ரூபாய் நாசிக் ஒன்று. இதுவரை கவனித்ததில் எழுநூற்றைம்பதில்தான் கொடி நன்றாக ஓடுகிறது.